அறிவியலுக்கு ஏன் கருவறை?

"பார்த்தீர்களா, பகுத்தறிவுவாதிகளே! உங்கள் விஞ்ஞானமும் பொய் சொல்லுகிறதே! எங்கள் புராணத்தை மட்டும் ஏன் புரட்டு என்கிறீர்கள்?"

இப்படிக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுக் கெக்கலி கொட்டுகிறார்கள், வைதீகத்தின் வழக்கறிஞர்கள். ஆய்வுக் கட்டுரை ஒன்று பொய்யென அம்பலமாகி, வெளியிட்ட ஏடே அதைத் திரும்பப் பெற்றது என்று ஒரு செய்தி வந்தால் போதும். அவர்கள் முகத்தில் ஆயிரம் விளக்கின் ஒளி!

தோழர்களே! இந்தக் கேள்விக்கு அஞ்சி நாம் ஒளிய வேண்டியதில்லை. ஆம், விஞ்ஞானத்தின் பெயரால் பொய் சொன்னவர் உண்டு. அந்தப் பொய்யைப் புகழ்பெற்ற ஏடுகள் அச்சேற்றியதும் உண்டு. மூடி மறைப்பது அவர்கள் மரபு; திறந்து காட்டுவது நம் மரபு. அந்தத் திறந்த மரபை, அதைக் காக்க வேண்டிய அறிவேடுகளே கைநழுவ விட்டுவிட்டன என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

1660இல் இலண்டனில் ராயல் சொசைட்டி தோன்றியது. அது தனக்கென வைத்துக்கொண்ட இலத்தீன் முழக்கத்தின் பொருள் என்ன? எவர் சொல்லையும், சொன்னவர் பெருமைக்காக ஏற்காதே என்பது! அரசன் சொன்னாலும் சரி, ஆயர் சொன்னாலும் சரி, ஆராய்ந்து பார் என்பது! தாம் சொல்வதையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்று மேடைதோறும் சொன்ன பெரியாரின் வழிவந்த நமக்கு, அது அயலார் குரலாகவா ஒலிக்கிறது? 1665இல் அச்சங்கத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் அறிவியல் ஏடொன்றைத் தொடங்கினார். கண்டதை எழுது, கண்ட வழியையும் எழுது, மற்றவர் செய்து பார்க்கட்டும். அறிவியல் ஏட்டுக்கு இருக்க வேண்டிய ஒப்பந்தம் இதுதான்.

இன்று நடப்பது என்ன? ஆய்வாளர் கட்டுரை அனுப்புகிறார். பதிப்பாசிரியர் அதைத் துறையறிந்த இரண்டு மூன்று பேரிடம் தருகிறார். அவர்கள் ஊதியமின்றிப் படித்துக் கருத்துரைக்கிறார்கள். அவர்கள் பெயர் பெரும்பாலும் வெளிவருவதில்லை. என்ன சொன்னார்கள் என்பதும் வெளிவருவதில்லை. அவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. சோதனைக் கூடத்துக்குள் நுழைவதில்லை. மூலக் கணக்கைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. எழுதியவர் நேர்மையாளர் என்று நம்பிக்கொண்டு, எழுதியது பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இந்த மதிப்பீட்டு முறை ஏதோ தொன்றுதொட்டு வந்த விதியும் அன்று. மரபணுவின் இரட்டைச் சுருளை உலகுக்குச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953இல் 'நேச்சர்' ஏட்டில் இத்தகைய மதிப்பீடு இல்லாமலேயே வெளிவந்தது. அந்த ஏடு இம்முறையைக் கட்டாயமாக்கியதே 1973இல்தான்.

இந்த மதிப்பீடே வேண்டாம் என்கிறோமா? இல்லை. சல்லடை வேண்டும், ஆனால் சல்லடையைச் சாமியாக்கிக் கும்பிடக் கூடாது! "பெரிய ஏட்டில் வந்துவிட்டது, அறிஞர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், நீ யார் கேட்க?" என்று ஒருவர் சொல்வாரானால், "சாத்திரத்தில் இருக்கிறது, பெரியவாள் சொல்லிவிட்டார்" என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

அந்த வழிபாடு என்ன விலை வாங்கியது என்று பாருங்கள்.

1998 பிப்ரவரி. இலண்டனின் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரும் 12 பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்டது 12 குழந்தைகளை. 12 கோடி அல்ல, 12 ஆயிரம் அல்ல, வெறும் 12! தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அக்கட்டுரை விதைத்தது. தடுப்பூசி நிரூபிக்கப்பட்ட குற்றவாளி என்று அது சொல்லவில்லைதான். ஆனால் அச்சத்துக்கு நிரூபணமா வேண்டும்? அச்சுப்பட்ட ஐயமே போதுமே!

மதிப்பீட்டாளர் அறியாதது என்ன தெரியுமா? தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞரோடு வேக்ஃபீல்டு 1996இலேயே ஒப்பந்தம் செய்திருந்தார். அவ்வழியில் அவருக்குச் சேர்ந்தது 4 இலட்சத்து 35 ஆயிரம் பவுனுக்கும் மேல். 1997இல் தாமே ஒரு தட்டம்மைத் தடுப்பு மருந்துக்குக் காப்புரிமையும் கேட்டிருந்தார். இவற்றில் எதுவும் கட்டுரையில் இல்லை. வரிசையாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்று எழுதப்பட்ட குழந்தைகள், உண்மையில் தேடிச் சேர்க்கப்பட்டவர்கள்.

இதை வெளிக்கொணர்ந்தவர் யார்? மதிப்பிட்ட அறிஞரா? வெளியிட்ட ஏடா? இல்லை! பிரையன் டீர் என்னும் பத்திரிகையாளர், 2004இல், 'சண்டே டைம்ஸ்' வார ஏட்டு உலகிலிருந்து. அவ்வாண்டே கட்டுரையாசிரியர் 13 பேரில் 10 பேர் அதன் முடிவுரையிலிருந்து விலகினர். அப்போதும் கட்டுரை நின்றது. 2010 பிப்ரவரியில்தான் 'லான்செட்' அதைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 12 குழந்தைகள், 12 ஆண்டுகள்!

அந்த 12 ஆண்டுகளில் இங்கிலாந்தின் தாய்மார் அஞ்சினர். 1990களின் நடுவில் நூற்றுக்கு 92 ஆக இருந்த தடுப்பூசி அளவு, 2003-04இல் நூற்றுக்கு 80 ஆகச் சரிந்தது. 2006இல், 14 ஆண்டுகளில் முதன்முறையாக, அந்நாட்டில் ஒரு சிறுவன் தட்டம்மைக்குப் பலியானான். அம்மை என்பது மாரியாத்தாளின் சீற்றம் என்று நம் ஊரில் பூசாரி அச்சமூட்டினான். அவனுக்கு எதிராகத் தடுப்பூசியின் பக்கம் நின்றோம் நாம். அங்கே பட்டம் பெற்ற மருத்துவர், பேரேட்டின் முத்திரையோடு, அதே அச்சத்தை ஊட்டினார். வேப்பிலைக்கு மாறாக வெள்ளைக் கோட்டு, வேறென்ன?

"அது பழைய கதை" என்பீர்களா? 2020க்கு வாருங்கள். கொரோனா உலகை உலுக்கிய நேரம். மே 22 அன்று அதே 'லான்செட்' ஏட்டில், 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகளைப் பற்றியது என்று ஒரு கட்டுரை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து சாவைக் கூட்டுகிறது என்றது. ஓரிரு நாளில் உலக நலவாழ்வு நிறுவனம் அம்மருந்துக்கான தன் சோதனையை நிறுத்திவைத்தது. கணக்கைத் தந்தது சர்ஜிஸ்பியர் என்னும் சிறு நிறுவனம். வெளியே இருந்த ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் கூட்டிப் பார்த்தனர். ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை கூறிற்று. அக்கட்டுரையின் கணக்கு முடிந்த நாள்வரை அந்த நாடு முழுவதிலும் பதிவான சாவே 67! "மூலக் கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்டனர். இரகசியம் என்று சொல்லி நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை வீழ்ந்தது. 13 நாள்!

இதில் ஒரு நுட்பம் உண்டு. அம்மருந்தால் கொரோனா நோயாளிக்குப் பயனில்லை என்பதை மறுநாளே, ஜூன் 5 அன்று, பிரிட்டனின் 'ரெக்கவரி' என்னும் முறையான சோதனை அறிவித்தது. அதனால் முந்தைய கணக்கு உண்மையாகிவிடுமா? ஆகாது. முடிவு நமக்கு இனிக்கிறது என்பதற்காக ஆதாரத்தைக் கேட்காமல் விடுபவன் பக்தன், பகுத்தறிவாளன் அல்லன்.

ஒன்றை நெஞ்சில் நிறுத்துங்கள். இரண்டு பொய்யையும் உடைத்தவர்கள் வெளியே நின்றவர்கள். ஒன்றுக்கு 12 ஆண்டு; ஒன்றுக்கு 13 நாள். முன்னதில், நோயாளிக் குறிப்புகளும் பணக் கணக்கும் பூட்டுக்குள் கிடந்தன. ஒரு மனிதன் ஆண்டுக் கணக்கில் அலைந்து திறக்க வேண்டியிருந்தது. பின்னதில், பலர் கூடி, பொதுவில் இருந்த எண்களை எடுத்து, வெளிப்படையாகக் கேட்டார்கள். வெளியாரின் கண் படுகிற இடத்தில் பொய் நீடிப்பதில்லை. வெளியாரை விலக்கி வைக்கும் இடத்துக்கு என்ன பெயர்? நமக்குத் தெரியும்: கருவறை!

அந்தக் கருவறைக்குக் கட்டணக் கதவும் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் பெரும்பகுதி ஆய்வு நடக்கிறது, எழுதியவருக்குக் கூலியில்லை, மதிப்பிட்டவருக்குக் கூலியில்லை, விற்பவருக்கு மட்டும் கொள்ளை இலாபம். மைய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. அரசுக் கல்லூரி மாணவர் படிப்பார், மகிழ்ச்சி. ஆனால் நம் போன்ற பள்ளி ஆசிரியருக்கு? செய்தியாளருக்கு? குழந்தைக்கு ஊசி போடலாமா என்று தேடும் தாய்க்கு? கதவு கதவாகவே இருக்கிறது. வாசகரிடம் வாங்காத ஏடு எழுதுபவரிடம் வாங்குகிறது: 2021 முதல் ஒரு கட்டுரையை அனைவர்க்கும் திறந்துவிட 'நேச்சர்' கேட்ட விலை 9,500 யூரோ!

ஆகவே கேட்கிறோம். மூலக் கணக்கைத் திற. நோயாளியின் பெயரை மறை, எண்ணை மறைக்காதே. மதிப்பீட்டுரையைக் கட்டுரையோடு வெளியிடு. பணம் தந்தவர் பெயரை முதல் பக்கத்தில் போடு. பொதுப்பணத்தில் பிறந்த அறிவைப் பொதுவில் வை. இவை ஆகாத காரியமா? 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' 1999லேயே மதிப்பிட்டவரின் பெயரைக் கட்டுரையாசிரியருக்குத் தெரிவிக்கத் தொடங்கிற்று. 2025இல் 'நேச்சர்' ஏடும், புதிதாக வந்து ஏற்கப்படும் ஆய்வுக் கட்டுரைகளோடு மதிப்பீட்டுரைகளையும் வெளியிடுவதாக அறிவித்தது. திறக்க முடியும், திறக்க மனம் வேண்டும்.

"இதையெல்லாம் நாமே பேசினால் மூடநம்பிக்கைக்காரனுக்கு அல்லவா கொண்டாட்டம்?" என்று நம் நண்பர் சிலரே தயங்குகின்றனர். நண்பர்களே, நாம் பேசாவிட்டால் அவன் பேசுவான், அரைகுறையாகப் பேசுவான், அஞ்சிய தாயை மந்திரவாதியிடம் அழைத்துச் செல்வான். குறையைச் சொல்லும் உரிமை அவனுக்கு முன் நமக்கு உண்டு, கடமையும் உண்டு.

இனி, கெக்கலி கொட்டியவருக்கு நம் விடை. ஐயா, விஞ்ஞானத்தில் பொய்யர் உண்டு. அந்தப் பொய்யைக் கண்டுபிடித்ததும் கேள்விதான், கணக்குதான், ஆராய்ச்சிதான். எந்தத் தேவதையும் இறங்கி வந்து சொல்லவில்லை. 'லான்செட்' தவறு செய்தது. தாமதமாகவேனும் "இது செல்லாது" என்று ஊரறியச் சொன்னது. உங்கள் புராணங்களில் எது, எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில், "பிறப்பால் உயர்வு தாழ்வு என்று எழுதியது தவறு, திரும்பப் பெறுகிறோம்" என்று அறிவித்தது? காட்டுங்கள், காத்திருக்கிறோம்.

இளைஞர்களே! ஏட்டின் பெயரைக் கண்டு மயங்காதீர்கள். எவர் வந்து "ஆராய்ச்சி சொல்லுகிறது" என்றாலும் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை பேரைப் பார்த்தார்கள்? பணம் தந்தவர் யார்? மூலக் கணக்கு எங்கே? வேறு எவரேனும் செய்து பார்த்து அதையே கண்டார்களா? கோயில் கருவறைக்கு முன் நின்று "ஏன் எங்களுக்கு அனுமதி இல்லை?" என்று கேட்ட இயக்கம் இது. அந்தக் கேள்வியை அறிவின் கருவறைக்கு முன்னும் கேட்போம். கதவு திறக்கும்வரை கேட்போம்!