வினாவின் வலிமை

பழனி மலைத்தொடரில் உள்ள ஆடலூரில் காப்பித் தோட்டத்தில் உழைக்கும் ஒருவர், ஆயுள் காப்பீட்டிற்காகச் சிறிது பணம் செலுத்துகின்றார் எனக் கொள்வோம். அப்பணம் எங்ஙனம் பயன்படுகின்றது என அமைச்சரை அவர் நேரில் வினவுதல் இயலுமா? இயலாது. அவர் பொருட்டு வினவும் கடமை மக்களவை உறுப்பினர்க்கு உரியது.

மக்களவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம் பொதுவாகக் கேள்வி நேரமாகும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாக விடையளித்தல் வேண்டும். அவ்விடை தெளிவற்றதாயின் துணைக் கேள்விகள் தொடரும்.

1957-ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்னும் வணிகரின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கிற்று. அது மக்கள் சேமித்த பணம். செப்டம்பரில் அவையில் எழுந்த கேள்விக்குக் கிடைத்த விடை நிறைவளிக்கவில்லை. டிசம்பரில், ஆளுங்கட்சி உறுப்பினராகிய பெரோஸ் காந்தியே அச்செய்தியை விரித்துரைத்தார். நீதிபதி சாக்ளா மக்கள் அறிய விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார்.

தம் கட்சியின் அமைச்சரைத் தாமே வினவுதல் பகைமையன்று. பொதுப்பணத்தைக் காத்தலே ஆகும். கூச்சலால் கேள்வி நேரம் வீணே கழியுமாயின், இழப்பு அமைச்சர்க்கு அன்று, ஆடலூர் உழைப்பாளிக்கே. ஆதலின் உறுப்பினர் ஆராய்ந்து வினவுதல் வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களும், அவர் யாது வினவினார், யாது விடை பெற்றார் என்பதை விழிப்புடன் நோக்குதல் வேண்டும்.