தகாச்சை வெற்றியாளராக்கியது மனவலிமை மட்டுமா?

நம் தன்னம்பிக்கை மேடைகளில் ‘கரோலி டகாக்ஸ்’ என்று சொல்லப்படும் ஹங்கேரி வீரர் காரோய் தகாச்சின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். துப்பாக்கி பிடித்த வலது கையைக் குண்டு பறித்தது. ஒரே ஆண்டில் இடது கையால் சாம்பியன் ஆனார். பிறகு இரண்டு ஒலிம்பிக் தங்கம். மனம் வைத்தால் முடியாதது எதுவும் இல்லை, உடற்குறையோடு ஒலிம்பிக்கில் வென்ற முதல் மனிதர் இவரே என்று கதையை முடிப்பார்கள். தகாச் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அதனாலேயே இந்த முடிவை ஏற்க முடியவில்லை.

‘முதல் மனிதர்’ என்பது தவறு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மரக்காலோடு ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வென்றவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஐசர். தகாச்சின் நாட்டுக்காரரே ஆன ஒலிவேர் ஹலாஷி, ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தவர். 1932-லும் 1936-லும் வாட்டர் போலோவில் தங்கம் வென்ற அணியில் ஆடினார்.

அடுத்தது, இடது கையால் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்கினார் என்பது. அவர் வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல், விதிப்படியே ஒற்றைக் கையால் சுட வேண்டிய போட்டி. கையைத் தாழ்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். எதிரே வரிசையாக ஐந்து இலக்குகள். அவர் காலத்தில், அவை திரும்பியதும் கையை உயர்த்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. முதலில் 8 விநாடி தருவார்கள், பிறகு 6, கடைசியில் 4. இதில் பாதி வேலை கையில் இல்லை. மூச்சை எங்கே நிறுத்துவது, முதல் குண்டுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்கு எந்தத் தாளத்தில் நகர்வது என்பதெல்லாம் பல ஆண்டுப் பயிற்சியில் அவருக்குள் ஊறியிருந்தது. 1938-இல் ராணுவப் பயிற்சியில் பழுதான கையெறி குண்டு வெடித்துச் சிதைத்தது வலது கையை. அந்த அறிவை அல்ல.

புதிதாகக் கற்க வேண்டியதும் சிறிதல்ல. பிடியின் செதுக்கல் மாறும், மணிக்கட்டின் வலு மாறும், குறிபார்க்கும் கண்ணுக்கும் கைக்கும் உள்ள நேர்க்கோடே மாறும். ஒரு மாத மருத்துவமனை வாசத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் இதைத்தான் பழகினார். 1939-இல் தேசியப் பட்டம் வந்தது. உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரி அணியிலும் இடம்பிடித்தார். தேர்ந்த வீரர் ஒருவர் தன் கலையை மறு கைக்கு மாற்றிய சாதனை இது. வெறும் மனவலிமை என்று சொன்னால் அந்த உழைப்பின் நுட்பமே மறைந்துபோகிறது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது: மன உறுதி எல்லாக் கதவையும் திறக்கும் என்பது. 1936-இல் அவருடைய வலது கை நன்றாகவே இருந்தது. தேசிய அளவில் சிறந்து விளங்கினார். ஆனாலும் பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. காரணம், அவர் சார்ஜென்ட். அதிகாரிகள் மட்டுமே அணியில் சேரலாம் என்பது ஹங்கேரி ராணுவத்தின் விதி. அந்தத் தடையை அவர் மனவலிமையால் உடைக்கவில்லை. பெர்லினுக்குப் பிறகு விதியே தளர்ந்தது. அப்புறம் போர். 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவே இல்லை. ஒரு வீரனின் வாழ்வில் பன்னிரண்டு ஆண்டுகளைத் தின்றவை பதவி அடுக்கும் போரும். மேடையில் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அநீதியைச் சொல்லாமல், அதைத் தாங்கியவரை மட்டும் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில், பிஸ்லி சுடுதளத்தில், 580 புள்ளிகளோடு உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 38. உலக சாம்பியனாக வந்திருந்த அர்ஜென்டினாவின் சாயன்ஸ் வாலியன்டே 571 எடுத்தார். அந்த வயதில் வென்றதையும் அதிசயம் என்கிறார்கள். இது வயது தடையாகாத விளையாட்டு. ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1912-இல் 64 வயதில் தங்கம் வென்றிருக்கிறார். அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. 1952 ஹெல்சிங்கியில் தகாச் 579 எடுத்து மறுபடி வென்றார். ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றவர் அவருடைய நாட்டுப் பையன், 17 வயது சிலார்ட் குன்.

கதை வழக்கமாக அங்கே நின்றுவிடும். தகாச் நிற்கவில்லை. 1956 மெல்போர்னில் எட்டாவது இடம்தான் கிடைத்தது. அதன் பிறகும் துப்பாக்கியைக் கீழே வைக்காமல், 1958-இல் மாஸ்கோ உலகப் போட்டியின் சென்டர் ஃபயர் பிரிவில், 48 வயதில், இடது கையால் வெண்கலம் வென்றார்.