பூட்டு இருந்தா போதுமா? போலி பேங்க் வெப்சைட்டுக்கும் இருக்கு 'சர்டிபிகேட்'!

சென்னை: "அட்ரஸ் பக்கத்துல பூட்டு படம் இருக்கா பாருங்க. இருந்தா தைரியமா பாஸ்வேர்டு போடுங்க..."

பல வருஷமாக நமக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இது. பேங்க் கவுண்டரில் சொன்னார்கள், பத்திரிகைகளிலும் எழுதினார்கள். இப்போது அதை நம்பி இறங்கினால் பென்ஷன் பணம் காலி!

போலி வெப்சைட்டில் ஏமாந்த ஒருவர் "பூட்டு இருந்துச்சே சார்" என்று அழுதால், அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே இருந்திருக்கும்.

பச்சை மை கையெழுத்து

விஷயம் இதுதான். நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாம் வை-பை, கேபிள், பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர் என்று ஊர் சுற்றித்தான் பேங்க்கை அடைகிறது. நடுவில் யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக அதை சங்கேத எழுத்தாக மாற்றி அனுப்புகிறார்கள். படிக்க வேண்டிய சாவி இரண்டு முனையில் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் எதிர்முனையில் இருப்பது யார்? அதற்குத்தான் சான்றிதழ். அந்தக் காலத்தில் மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்து போட்டுக் கொடுப்பார் அல்லவா, அதே கதைதான். 'இந்த அட்ரஸ் இவர்களுடையது' என்று ஒரு நிறுவனம் கையெழுத்து போடுகிறது. யார் யார் கையெழுத்து செல்லும் என்ற பட்டியல் உங்கள் பிரவுசரிலோ, விண்டோசிலோ முன்கூட்டியே இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். அட்ரசுக்குத்தான் கையெழுத்து. ஆளின் யோக்கியதைக்கு இல்லை!

முன்பு இந்த சான்றிதழுக்கு காசு கொடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தது. நல்ல காரியம்தான், சின்னக் கடை வெப்சைட் கூட பாதுகாப்பாக ஆனது. ஆனால் பேங்க் பெயர் மாதிரியே ஒரு அட்ரசை வாங்கிய திருடனும் அதே வரிசையில் நின்று அதே பூட்டை வாங்கிக் கொள்கிறான். அவனிடம் நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு யாரும் ஒட்டுக் கேட்க முடியாதபடி, பத்திரமாக அவனிடமே போய்ச் சேரும்!

2019 ஜூனிலேயே அமெரிக்காவின் எப்.பி.ஐ. 'பூட்டை மட்டும் வைத்து நம்பாதீர்கள்' என்று எச்சரித்தது. கூகுள் 2021-ல் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள் வெறும் 11 சதவீதம் பேர். கடைசியில் 2023 செப்டம்பரில் குரோமில் இருந்து பூட்டு படத்தையே தூக்கி விட்டார்கள்.

டெல்லியில் நடந்த கூத்து

சரி, கையெழுத்து போடுகிறவரே கோட்டை விட்டால்?

நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2014 ஜூலை 2-ந் தேதி கூகுளுக்கு ஒரு அதிர்ச்சி. அதன் பெயரில், அதற்குத் தெரியாமலே சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. வழங்கியது மத்திய அரசின் என்.ஐ.சி.! அரசு வெப்சைட்களை நடத்தும் அதே நிறுவனம்தான். மறுநாளே என்.ஐ.சி.யின் அதிகாரம் ரத்து செய்யப்பட்டது. சான்றிதழ் வழங்கும் முறையில் ஊடுருவல் நடந்து விட்டது, கூகுளுக்கு 3, யாகூவுக்கு 1 என மொத்தம் 4 தவறான சான்றிதழ்கள் என்று மேற்பார்வை அமைப்பு சொன்னது. 'அந்த நாலுக்கு மேலேயும் இருக்கு' என்றது கூகுள். பரவலாக தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அறிகுறி இல்லை என்றாலும், இந்திய அரசின் கையெழுத்து குறிப்பிட்ட சில இந்திய அட்ரஸ்களுக்கு மட்டுமே செல்லும் என்று குரோமில் கட்டுப்பாடு போட்டார்கள். பெரிய தலைகுனிவு.

நெதர்லாந்தில் இதைவிட மோசம். 2011-ல் டிஜினோட்டார் என்ற கம்பெனிக்குள் புகுந்தவர்கள் எடுத்த போலி கூகுள் சான்றிதழை வைத்து ஈரானில் மக்களின் ஜிமெயில் உளவு பார்க்கப்பட்டது. சுமார் 3 லட்சம் இணைப்புகள். அந்தக் கம்பெனி செப்டம்பரிலேயே திவால்.

இதற்குப் பிறகுதான் புது வழி வந்தது. புதிதாக வழங்கும் சான்றிதழ்களை எல்லோரும் பார்க்கும்படி பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2018 ஏப்ரலில் குரோம் கட்டாயமாக்கியது. எந்த பேங்க்கும் தன் பெயரில் யாராவது சான்றிதழ் வாங்கி இருக்கிறார்களா என்று அதில் தேடிப் பார்க்கலாம். பார்க்கிறார்களா என்பது அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கடைசி எழுத்தைப் பாருங்க

ரிசர்வ் வங்கி 2025-ல் ஒரு நல்ல முடிவு எடுத்தது. எல்லா பேங்க்குகளும் தங்கள் அட்ரசை 'பேங்க்.இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று உத்தரவு. ஐதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. மட்டும்தான் இந்தப் பெயரைக் கொடுக்கும். திருடன் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆனால் 'பேங்க்.இன்' என்பதை நடுவில் எழுதிவிட்டு, கடைசியில் வேறு பெயரை ஒட்ட முடியும். எனவே முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பாருங்கள். எஸ்.எம்.எஸ்.சில் வரும் லிங்க்கை அமுக்காமல் நீங்களே டைப் செய்வது இன்னும் நல்லது. கரண்ட் பில், கேஸ், கூரியர் என்று வரும் லிங்க்குகளுக்கு இந்த 'பேங்க்.இன்' உதவாது. பணம் போனது தெரிந்த உடனே 1930-க்கு போன் போடுங்க, நேரம் போகப் போக பணத்தை மடக்குவது கஷ்டம்.

"அட்வான்ஸ்டு அமுக்குங்க சார்"

ஒரு சொந்த அனுபவம். ஒரு அலுவலகத்தில் ஆன்லைனில் கட்டணம் கட்டச் சொன்னார்கள். வெப்சைட்டைத் திறந்தால் 'இது பாதுகாப்பானது அல்ல' என்று முழுத் திரைக்கு எச்சரிக்கை. சான்றிதழ் காலாவதி! கவுண்டரில் இருந்தவரிடம் காட்டினேன். "அது அப்படித்தான் வரும் சார், அட்வான்ஸ்டு அமுக்கி உள்ளே போயிடுங்க" என்றார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவும் அதைக் கேட்டு அப்படியே அமுக்கினார். நாளைக்கு நிஜ திருடன் வந்து அதே எச்சரிக்கை வந்தால், அந்த அம்மா என்ன செய்வார்?

இப்போது சான்றிதழின் ஆயுளையும் குறைக்கிறார்கள். 398 நாளாக இருந்த உச்சவரம்பு 2026 மார்ச்சில் 200 நாள், 2027-ல் 100, 2029 மார்ச்சில் வெறும் 47 நாள் என்று சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் கம்பெனிகளும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தன. வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவே மறந்து போகும் ஆபீசில், ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை யார் புதுப்பிப்பார்கள்? தானாகப் புதுப்பிக்கும் சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போட ஒருத்தர் ஒரு மதியம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.