இரவு எங்கே தங்குவது?



ஆவணி 15ஆந் திகதி மருதமடு அன்னையின் திருவிழாவுக்கு நடந்து செல்ல எண்ணுவோர் முதலில் கேட்பது, எத்தனை நாளில் போய்ச் சேரலாம் என்பதே. இரவில் எங்கே தங்குவது என்று கேட்போர் சிலரே.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், நாவற்குழி, பூநகரி, முழங்காவில் ஊடாகச் செல்லும் மன்னார் வீதியே யாழ்ப்பாணத்தாருக்குக் கிட்டிய வழி. பாலத்தில் நிழலில்லை, சோழகக் காற்றும் முகத்தில் அறையும். முதல் இரவு தனங்கிளப்புப் பக்கம் தங்கி, விடியலில் அதனைக் கடப்பது நன்று.

பூநகரிப் பகுதியில் நன்னீர் அரிது. அங்குள்ளோர் போரில் யாவும் இழந்து மீளக் குடியேறியவர்கள். முன்னறிவித்தலின்றி முப்பது பேர் போய் இறங்கினால், மறுநாளுக்கென வைத்த தண்ணீரையும் முகங்கோணாமல் நமக்கே வார்ப்பார்கள். அதை வாங்கிக் குடித்துவிட்டுச் செபமாலை சொல்வது எனக்கு உறுத்துகிறது. அவ்வூர்ப் பங்குத்தந்தையருக்கு இரு வாரம் முன்பே அறிவியுங்கள். அரிசியும் தண்ணீரும் உழவு இயந்திரத்தில் உடன் வரட்டும். மாட்டுவண்டி கட்டிச் சென்ற நம் முன்னோரும் சட்டி பானையோடுதான் சென்றார்கள்.

மடுக்காட்டில் யானைகள் உண்டு. பொழுது சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். சேர்ந்ததும் ஆட்களை எண்ணுங்கள். யெருசலேமிலிருந்து திரும்பிய சூசையும் மரியாளும்கூட, மகன் கூட்டத்தோடு வருகிறார் என்றெண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்களே! நம் குழுக்களில் பின்தங்குவோர் பெரும்பாலும் முதியோர். கடைசி ஆச்சி வந்து சேரும்வரை உலையில் அரிசி போட வேண்டாம்.