கையொப்பம் யாருடையது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"தாய் தந்தையர் பிரிந்த வீட்டுப் பிள்ளை, படிப்பு எப்படி ஏறும்?" என்று பெரியவர்கள் பேசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. (பெற்றோர் இருவரும் ஒற்றுமையாக வாழும் வீட்டில் இருந்துகொண்டு நான் அறிவியலில் 52 வாங்கினேனே, அதற்கு யாரைக் குறை சொல்வது?)

எங்கள் தெருவில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். நம் பள்ளி மாணவி அல்லள். அவளிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 91 வாங்கியவள், அரையாண்டில் 48 வாங்கினாள். அப்பொழுது அவளுடைய பெற்றோர் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்! இரவெல்லாம் சண்டை. புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அடுத்த அறையில் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஒரே கணக்கை நான்கு முறை வாசித்தும் மனத்தில் நிற்காதாம். பிறகு அவர்கள் பிரிந்தார்கள். பாட்டி வீட்டில் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி அணைந்துவிடும். முழுஆண்டுத் தேர்வில் 83.

பிரிவினால் துன்பமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்பொழுது பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். ஒருவர் சம்பளத்தில் வீடு நடக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடும்ப நீதிமன்றங்கள் ஏற்பட்டது நல்லதே. ஆனால் வாய்தா நாள் பள்ளி நாளாக வந்துவிடுகிறது. "யாரிடம் இருக்க விரும்புகிறாய்?" என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரம் திருப்புதல் தேர்வு வேறு.

எனினும், இவற்றைவிட அவளை வருத்தியது ஒரு சிறு தாள். தனிப்பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்க்கைப் படிவத்தில் அம்மாவின் கையொப்பத்தைக் கண்டு, "அப்பா எங்கே? அவர் கையொப்பம் வாங்கி வா" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி வெளியே நிற்க வைத்தார்கள். அன்று முக்கோணவியல் தொடங்கிய நாள். அந்தப் பாடத்தின் தொடக்கமே அவளுக்குக் கிடைக்காமல் போயிற்று.

1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம், தந்தை, அவருக்குப் பின் தாய் என்றுதான் கூறுகிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தந்தை பிள்ளையைப் பராமரிக்காத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகலாம் என்று விளக்கம் தந்தது. நாம் பிறப்பதற்கு முன்பே வந்த தீர்ப்பு! படிவம் அச்சடிப்பவர்களுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை போலும். 'தாய் அல்லது தந்தை' என்று அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

இப்பொழுது மாலையில் எங்கள் வீட்டில் அவளுக்கு நான் முக்கோணவியல் சொல்லித் தருகிறேன். இயற்கணிதத்தில் அவள்தான் எனக்கு ஆசிரியை.