செல்ஃப் எடுக்கவில்லையா?

நாசிக் திராட்சைத் தோட்டங்களில் அக்டோபர் கவாத்து முடிந்த பின் எதிர்பாராத மழை பெய்தால், அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தடிக்க விவசாயிக்கு அதிக அவகாசம் கிடைக்காது. கொடி வரிசைகளுக்கு நடுவே ஸ்பிரேயரை இழுத்துச் செல்ல 15 முதல் 20 குதிரைசக்தி கொண்ட சின்ன டிராக்டர்தான் தோது. அன்று பார்த்து செல்ஃப் எடுக்காது. பழி பேட்டரி மீது விழும். டவுனுக்கு ஆளனுப்பிப் புது பேட்டரி வாங்கி மாட்டிய பிறகும் வண்டி அப்படியே நிற்பதுண்டு.

பாதிப் பதிலை ஹெட்லைட்டே சொல்லிவிடும். நியூட்ரலில் வைத்து, விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மங்கினால் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. விடாமல் 'டிக் டிக்' என்று கேட்டாலும் அதேதான். விளக்கு பளிச்சென்று எரிய, ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் சோலனாய்டையோ செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையோ சந்தேகிக்கலாம். விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை என்றால் பேட்டரியை விட்டுவிடலாம். ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், முக்கியமாகக் கிளட்ச் பெடல் அருகே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். அதில் சேறு ஏறிவிட்டால் பெடலை முழுக்க மிதித்தாலும் மின்சாரம் கடக்காது.

இந்த இடத்தில்தான் பலர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். தரையில் நின்றபடி செல்ஃப் மோட்டாரின் முனைகளை இணைத்தால் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் வண்டி கியரில் இருக்கிறதா என்று அந்த மின்சாரம் பார்ப்பதில்லை. கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆன கணமே நகரும். ஆள் நிற்பதோ பின்சக்கரத்துக்கு முன்னால். சீட்டில் யாரும் இல்லை. அமெரிக்காவில் இதற்கு 'பைபாஸ் ஸ்டார்ட்டிங்' என்று பெயரே உண்டு. இதனால் உயிர்கள் போயிருப்பதால் செல்ஃப் மோட்டார் அருகே எச்சரிக்கை ஸ்டிக்கரும் ஒட்டுகிறார்கள். இங்கே அது மெக்கானிக்கின் கைத்திறமையாக மதிக்கப்படுகிறது.

ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 என்றால் ஏறக்குறைய காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அதிகம் ஏமாற்றுவது எர்த் வயர்தான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, இன்னொருவர் சீட்டில் அமர்ந்து சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் துருவோ பெயின்டோ வழியை மறிக்கிறது. நெகட்டிவை முதலில் கழற்றி, வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, தேய்த்துப் பளபளப்பாக்கி முடுக்கினால் பல வண்டிகள் கிளம்பிவிடும். பீடி மட்டும் தூரத்தில் இருக்கட்டும். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் டீசல் ஓட்டத்தையும், பஞ்சாப் ஜனவரி போன்ற குளிரில் ஹீட்டர் பிளக்கையும் பார்க்க வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் மீட்டரை மறுபடி பேட்டரியில் வைக்கலாம். சுமார் 14 வோல்ட் வர வேண்டும். 12.5லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக் காலையும் இதே கதைதான்.