நர்சிங் கதவைப் பதினொன்றாம் வகுப்பில் சாத்துகிறார்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களில் ஷிப்டுக்குப் போகும் நம் தங்கைகளில் நர்ஸாக ஆசைப்பட்டவர்கள் உண்டு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வேறு குரூப்பில் தள்ளப்பட்டவளுக்கு அந்தக் கதவு அன்றே சாத்தப்பட்டது. இதற்குப் பெயர் தகுதியாம்!

சுற்றுவழி ஒன்று உண்டு, நம் தெருக்களில் சொல்வாரில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு அறிவியல் குரூப் கட்டாயமில்லை. பிளஸ் டூவில் 40 சதவீதம், ஆங்கிலத்தில் தேர்ச்சி போதும். 35 வயது வரை சேரலாம். (அரசு இடங்களுக்கான அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள்.) முடித்துப் பதிவு செய்தபின் இரண்டு வருட போஸ்ட் பேசிக் படித்தால் பட்டம்.

இங்கேதான் ஏஜென்ட் வருகிறார். ஒரு வருட 'நர்சிங்' சான்றிதழ் விற்பார். அதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. அல்லது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவார். 2012இன் அரசாணை 92 சுயநிதிக் கல்லூரியில் பட்டியலின மாணவருக்கும் கிறிஸ்தவத்துக்கு மாறியவருக்கும் கட்டணத்தை அரசே ஏற்கச் சொன்னது. பின்னர் நிர்வாக ஒதுக்கீட்டை அதிலிருந்து நீக்கினார்கள். கவுன்சலிங் தெரியாத முதல் தலைமுறைப் பெண்தான் அந்த வலையில் விழுகிறாள். அந்த நீக்கத்தை ரத்து செய்யக் கேட்போம். அதுவரை, சேருமுன் இரண்டு கேள்வி: கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? சீட் எந்த ஒதுக்கீடு?